மூணாம் நம்பர் ப்ளோயர்

அத்தியாயம் 14

திங்கட்கிழமை விடிந்தது. விடியாமலே இருந்திருந்தால் தேவலை என்று கருமத்தம்பட்டியில் அந்தக் குடும்பத்தில் மூன்று பேராவது நினைத்தார்கள். நினைத்ததெல்லாம் நடந்துவிட்டால் தொடர்கதை எழுதுகிறவள் பிழைப்பு என்னாவது?

போன வாரத்து இதழை யாராவது இரவல் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராமல் இருந்தால், உங்களுக்காக நாலு வரி.

இரும்பு வார்க்கிற பவுண்டரியில் போன வியாழக்கிழமை மூணாம் நம்பர் ப்ளோயர் உடைந்தது. ப்ளோயர் என்றால் ஆள் உயரத்துக்கு ஒரு விசிறி என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பு வார்ப்புகளைத் தேய்க்கிற ஷெட்டில் பறக்கும் இரும்புத் தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும். கிரீஸ் இல்லாமல் அதன் பேரிங் காய்ந்து, இறுகி, ஓடுகிற வேகத்தில் தண்டு முறிந்தது. தூசித் தொட்டியைக் காலி பண்ணப் போயிருந்த ஆல்வின் மேல் தகடு பிய்த்துக்கொண்டு வந்து விழுந்தது. இடது கையில் மூன்று இடத்தில் முறிவு. முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண் குழந்தைகள், தேய்ப்பு வேலையில் பதினாறு வருஷம்.

அந்த ப்ளோயருக்கு ஞாயிறுதோறும் கிரீஸ் ஏற்ற வேண்டியவர் கிருபாசங்கர். ஏழு ஞாயிறும் ஏற்றியதாகக் கம்பெனியின் மெயின்டனன்ஸ் சாஃப்ட்வேரில் பதிவு இருக்கிறது. பேரிங்கைப் பிரித்தால் உள்ளே கிரீஸே இல்லை. ஆக, வேலையைச் செய்யாமலே செய்ததாக டிக் போட்டவர் என்று அவர்மேல் பழி. இன்று மூன்று மணிக்கு விசாரணை. வேலை போவதுகூடப் பெரிதில்லை, கோயமுத்தூரைச் சுற்றிப் பவுண்டரிக்கா பஞ்சம்? ஒருத்தன் கையை முறித்த பொய்யன் என்ற பெயரோடு எந்தக் கம்பெனி கேட்டில் போய் நிற்பது என்பதுதான் பேச்சு.

கிருபாசங்கர் அந்த வீட்டு மாப்பிள்ளை. சென்னியம்மாளின் ஒரே மகள் வர்ஷினியைக் கட்டியவர். அந்த சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்கிறவள், இன்றைக்கு ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வைக்க வேண்டியவள், மதிவதனி. அதே வீட்டு மருமகள்.

இப்போது சொல்லுங்கள், விடிந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

சென்னியம்மாள் நாலு நாளாக மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாடு மட்டும் முறை தவறாமல் வந்தது. கோபத்தைச் சமையலில் காட்டுகிற ரகம் அவரில்லை. உப்பு சரியாக இருக்கும், பேச்சுதான் இருக்காது. இன்றைக்குக் கம்பு தோசையைத் தட்டில் போட்டுவிட்டு, திரும்பாமலே ஆரம்பித்தார்.

"ஏங்கண்ணு, அந்தப் பொட்டிக்குள்ள எழுதறவ நீதானே? ஒரு வரி மாத்திப்போட்டா என்ன ஆயிப்போவும்?"

மதி பொறுமையாகத்தான் விளக்கினாள். ஒரு தடவை பதிந்ததை முதலாளியே நினைத்தாலும் அழிக்க முடியாது, யார் கை வைத்தாலும் இன்னார் வைத்தார் என்று அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும் என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. முடிந்தாலும் மாற்ற மாட்டேன் என்றாள்.

"ஊட்டு மாப்பிள்ளைக்கு ஊட்டு மருமவளே குழி வெட்டறா" என்று சென்னியம்மாள் தோசைக்கல்லிடம் சொன்னார்.

மதியின் புருஷன் கதிர்வேல் காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் வேலை, சனிக்கிழமை வந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிவிடுவான். நேற்று முழுக்க அம்மா ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம் என்று மாட்டிக்கொண்டு முழித்தவன், பஸ் ஏறும்போது சொன்னது ஒன்றுதான். "எனக்கு ரெண்டு பக்கமும் வேணும் மதி. நீயே பாத்துக்க." ஆம்பளைகள் இப்படி நல்ல பிள்ளையாக நழுவுவதைப் பற்றித் தனியாக ஒரு அத்தியாயம் எழுதலாம். இன்றைக்கு இடமில்லை.

மதியின் மனசில் என்ன இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவளும் மாப்பிள்ளையை நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை, மேற்பார்வைக்கு ஆள் கிடையாது, மெஷினில் ஒட்டியிருக்கிற க்யூஆர் ஸ்டிக்கருக்கு ஃபோனைக் காட்டி ஸ்கேன் பண்ணி டிக் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டிருப்பார் என்றுதான் நினைத்தாள். இவரை வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தானே என்ற எரிச்சல் வேறு. சிஸ்டம் பொய் சொல்லாது என்பது அவள் மூன்று வருஷமாக எல்லோரிடமும் சொல்கிற வாசகம். அந்த வாசகத்தின் புண்ணியத்தில் பெருந்துறையில் திறக்கப்போகிற இரண்டாவது யூனிட்டுக்கு அவளைப் பொறுப்பாகப் போடுவதென்று முடிவாகியிருந்தது. மேனேஜர் சாமுவேல் கையெழுத்துப் போட்ட கடிதம் கவரில் தயார்.

கம்பெனி வாசலுக்கு எதிரில் ஒரு பேக்கரி. கிருபாசங்கர் அங்கே வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விசாரணை முடியும்வரை உள்ளே விடமாட்டார்கள். பக்கத்தில் காலியான தூக்குப் பாத்திரம். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆல்வினுக்கு இட்லி கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நாலு நாளாக இரண்டு வேளையும் அவர்தான் கொண்டுபோகிறார். குற்ற உணர்ச்சி பேசுகிறது என்று கம்பெனியில் பேச்சு. ஊர் வாய்க்கு என்ன, எதைச் செய்தாலும் பேசும்.

மதி ஸ்கூட்டரை நிறுத்தினாள். அவர் அவளைவிட மூன்று வயது இளையவர், முறைக்குத் தம்பி. ஆனாலும் வீட்டு மாப்பிள்ளை, ங்க போட்டுத்தான் பேசுவாள்.

"சாப்பிட்டீங்களா தம்பி?"

"ஆச்சுங்கக்கா. நான் கிரீஸ் ஏத்துனனுங்க" என்றார், அவள் கேட்காமலே.

அவள் ஸ்கூட்டர் சாவியை உருவினாள்.

"ஏத்துனது மட்டுமில்லீங்க, எழுதியும் போட்டிருக்கனுங்க. டிக் போடற எடத்துக்குக் கீழ ஒரு கட்டம் இருக்குதுங்களே, அதுல. நேரமிருந்தா பாருங்க."

அவ்வளவுதான் சொன்னார். மேற்கொண்டு ஏதாவது சொல்வார் என்று மதி அரை நிமிஷம் நின்றாள். அவர் தூக்குப் பாத்திரத்தின் மூடியைத் திருகி மூடிக்கொண்டிருந்தார்.

கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கட்டத்தில் எழுதுவது ரிப்போர்ட்டில் கடைசிப் பத்தியாக வரும், குறிப்பு என்று. வரும் என்றால், ஜூன் மாசம்வரை வந்தது. ரிப்போர்ட் இரண்டு பக்கத்துக்கு ஓடுகிறது, ஒரே பக்கத்தில் வேண்டும் என்று சாமுவேல் சொன்னார். மதி அந்தப் பத்தியை மறைத்துவிட்டாள். பக்கம் ஒன்றானது, சாமுவேல் பாராட்டினார். ஆட்கள் ஃபோனில் எழுதுவது என்னவோ எழுதிக்கொண்டேதான் இருந்தார்கள்.

பத்தியைத் திறந்தாள்.

முதல் ஞாயிறு, கிரீஸ் ஏத்தியாச்சு. இரண்டாவது ஞாயிறு, ஏத்தியாச்சு, கொஞ்சம் வெளிய வருது. மூன்றாவது ஞாயிறு, போன வாரம் போட்டதே அப்படியே இருக்குதுங்க, இருந்தாலும் ஏத்தியாச்சு.

நாலாவது ஞாயிறு கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தார். வார நாள்ல இது ஓடி நான் பாக்கலீங்க. ஓடாத மெஷினுக்கு வாராவாரம் வேணுங்களா? கேட்டுச் சொல்லுங்க.

ஐந்தாவது ஞாயிறு, கேட்டிருந்தேன், பதில் இல்லீங்க, ஏத்தியாச்சு. ஆறாவது ஞாயிறு, கீழ வழிஞ்சு கெடக்குது, யாராச்சும் வழுக்கி விழுந்துருவாங்கன்னு மரத்தூள் போட்டிருக்கேன்.

ஏழாவது ஞாயிறு, ஏத்தியாச்சு. அவ்வளவுதான். அதற்குமேல் எழுதிப் பிரயோஜனமில்லை என்று தோன்றியிருக்கும்.

மதி நாலாவது வரிக்குத் திரும்பிப் போனாள். ஓடாத மெஷின் என்கிறாரே? மூணாம் நம்பர் ஓய்வில்லாமல் ஓடுகிற ப்ளோயர். அதனால்தான் அதற்கு வாராவாரம் கிரீஸ். பக்கத்தில் நிற்கிற நாலாம் நம்பர்தான் சும்மா நிற்பது. மூணு நின்றால் மட்டும் நாலை ஓட்டுவார்கள், அதற்கு இரண்டு மாசத்துக்கு ஒரு தடவை கிரீஸ் போதும். கிருபாசங்கர் அக்டோபரில்தான் வேறு ஷெட்டிலிருந்து இந்த வேலைக்கு மாறி வந்தவர். ஞாயிற்றுக்கிழமை இரண்டும் நின்றிருக்கும். எது எது என்று அவருக்கு ஃபோன் சொன்னால்தான் உண்டு.

பதினொன்றரைக்கு அவள் ப்ளோயர் ரூமுக்குப் போனாள்.

ரயில் பெட்டி மாதிரி நீளமான அறை. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. நடுவில் நடைபாதை, ஒருபுறம் ஒரு ப்ளோயர், எதிர்ப்புறம் ஒரு ப்ளோயர். உடைந்தது தார்ப்பாய் போர்த்தி நின்றது. மற்றது இரைச்சலாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறதன் பேரிங் பெட்டியிலிருந்து கிரீஸ் பிதுங்கி, தாரை தாரையாகக் காய்ந்து, கீழே கொழுகொழுவென்று ஒரு குவியல். அதன்மேல் மரத்தூள், சீராக, கையால் பரப்பிவிட்ட மாதிரி.

மதி ஃபோனை எடுத்து ஓடுகிற மெஷினின் ஸ்டிக்கரை ஸ்கேன் பண்ணினாள். ப்ளோயர் மூன்று என்று வந்தது. தார்ப்பாயை விலக்கி உடைந்ததைப் பண்ணினாள். ப்ளோயர் நான்கு.

ஸ்டிக்கர் இடம் மாறியிருக்கிறது. கிருபாசங்கர் ஏழு வாரமும் கிரீஸ் ஏற்றியிருக்கிறார், சும்மா நின்ற மெஷினுக்கு. ஓடி ஓடித் தேய்ந்த மெஷினுக்கு ஏழு வாரமாக ஒரு சொட்டு கிடையாது. விபத்து நடந்த அன்றைக்காவது யாராவது ஸ்கேன் பண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். மெயின் ப்ளோயர் போச்சு என்று ஃபோனில் சொன்னார்கள், மதி சீட்டில் உட்கார்ந்தபடியே மூணு என்று பதிந்தாள்.

யார் மாற்றி ஒட்டியது என்று அவள் யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஸ்டிக்கரின் ஓரத்தில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். அவள் விரல் வைத்த பொட்டு.

ஆயுத பூஜைக்கு முன் ஷெட் முழுக்கப் பச்சை பெயிண்ட் அடித்தார்கள். மெஷின்மேல் வெள்ளையில் எழுதியிருந்த பழைய நம்பரெல்லாம் மறைந்தது. மறுபடி எழுதட்டுமா என்று பெயிண்டர் கேட்டதற்கு, ஸ்டிக்கர் இருக்கும்போது அது எதுக்குங்க என்று சொன்னவள் மதி. ஸ்டிக்கரில் நம்பரை அச்சடிக்க வேண்டாம், அடித்தால் ஆட்கள் மெஷினுக்குப் போகாமல் உட்கார்ந்த இடத்திலேயே நம்பரைத் தட்டிவிடுவார்கள், வெறும் க்யூஆர் கட்டம் மட்டும் போதும் என்று சொன்னவளும் அவள்தான். பெயிண்ட் படக்கூடாதென்று உரித்து வைத்த ஸ்டிக்கர்களை, பூஜையன்று பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக, தாம்பாளத்தில் சந்தனக் கிண்ணத்தோடு வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணிப் பார்த்துப் பார்த்துத்தான் ஒட்டினாள். நோட்டில் இருந்தபடி இடது கைப்பக்கம் மூணு, வலது கைப்பக்கம் நாலு.

எல்லாம் சரி. அன்றைக்கு முன்கதவில் வாழை மரம் கட்டி, பூசணிக்காய் வைத்து, குடும்பத்தோடு வந்த ஜனம் அடைத்துக்கொண்டு நின்றது. அதனால் அவள் பின்கதவு வழியாக உள்ளே போனாள்.

பின்கதவில் நுழைந்தால் இடது வலது ஆகும், வலது இடது ஆகும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

அறையில் யாருமில்லை. இரண்டு ஸ்டிக்கரையும் உரித்து இடம் மாற்ற இரண்டு நிமிஷம் ஆகும். மாற்றிவிட்டால் சிஸ்டம் சொல்வதெல்லாம் சரியாகிவிடும். அவளும் சரியாகிவிடுவாள், பெருந்துறையும் சரியாகிவிடும். கிருபாசங்கர் மட்டும் காலத்துக்கும் பொய்யனாக நிற்பார். ஏற்கெனவே அப்படித்தானே நிற்கிறார்?

வாசகர்களே, அவள் நல்லவள் என்பதற்காக நான் எதையும் மறைக்க மாட்டேன். ஸ்டிக்கரின் மூலையில் நகத்தைக் கொடுத்தாள். மூலை எழுந்து வந்தது. சந்தனம் பொரிந்து விரலில் ஒட்டியது. அப்போது கால் மரத்தூளில் பதிந்திருப்பதைப் பார்த்தாள். யாராவது வழுக்கி விழுந்துவிடக் கூடாதென்று ஒருத்தர் போட்டு வைத்தது, அவள் வழுக்காமல் நிற்பதற்கும் அதுதான் காரணம். கையை எடுத்துவிட்டாள்.

அப்புறம் இரண்டு மெஷினையும், இரண்டு ஸ்டிக்கரையும், ஸ்கேனில் வந்த நம்பரையும் படம் எடுத்தாள். எழுந்த மூலை எழுந்தபடியே படத்தில் விழுந்தது.

மூன்று மணிக்கு சாமுவேல் அறையில் நாலு பேர். சாமுவேல், குறிப்பெடுக்க ஆபீஸ் நிர்வாகத்திலிருந்து சமீரா, கிருபாசங்கர், மதி. சாமுவேல் கெட்டவரில்லை. சத்தம் போட மாட்டார், யாரையும் உட்காரச் சொல்லாமல் பேச மாட்டார். ஆனால் கையில் காகிதம் இருந்தால் மனுஷனைப் பார்க்க மாட்டார், அது ஒன்றுதான் குறை.

ஏழு ஞாயிறு, ஏழு பதிவு, பேரிங்கில் கிரீஸ் இல்லை, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். ஏற்றினேன் என்றார் கிருபாசங்கர். காகிதம் அப்படிச் சொல்லவில்லையே என்றார் சாமுவேல்.

மதி எழுந்து, கையிலிருந்த தாள்களை அவர் முன்னால் வைத்தாள். முதலில் குறிப்புகள், பின்னால் படங்கள்.

"ஸ்டிக்கர் மாறி இருக்குதுங்க சார். அவரு தப்புப் பண்ணலீங்க. ஆயுத பூஜையன்னைக்கு மாத்தி ஒட்டுனது நானுங்க."

சமீரா எழுதுவதை நிறுத்திவிட்டாள். சாமுவேல் ஏழு வரிகளையும் படித்தார். நாலாவது வரியில் நின்று, மறுபடி முதலிலிருந்து படித்தார். இது ஏன் ரிப்போர்ட்டில் இத்தனை நாள் வரவில்லை என்று சமீரா மெதுவாகக் கேட்டாள். ஒரே பக்கத்தில் வர வேண்டுமென்று மறைத்தேன் என்றாள் மதி. ஒரே பக்கம் கேட்டது யார் என்று அவள் சொல்லவில்லை. சாமுவேல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அப்புறம் கிருபாசங்கரிடம் திரும்பி, சந்தேகம் வந்தபோது யாரிடமாவது வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார்.

"வாய்ல சொல்றது செல்லாது, சிஸ்டத்துல எழுதுனாத்தான் செல்லும்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்கங்க."

ட்ரெய்னிங் கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த அறையில் நாலு பேருக்கும் தெரியும்.

படங்கள் கை மாறி கிருபாசங்கரிடம் வந்தன. மூலை எழுந்திருந்த ஸ்டிக்கர் படத்தை மட்டும் அவர் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு சமீராவிடம் கொடுத்தார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி நாலரை மணிக்கு இடம் மாறியது. கிருபாசங்கர் மேல் குற்றமில்லை, நாளைக்கு வேலைக்கு வரலாம் என்று சாமுவேல் எழுதிக் கொடுத்தார். மதி விஷயத்தை முதலாளிதான் முடிவு பண்ண வேண்டும் என்றார். மேஜைமேல் இருந்த பெருந்துறைக் கவரை எடுத்து டிராயருக்குள் வைத்தார். வைத்த விதத்தில் கடுமை எதுவுமில்லை. காரணத்தை இன்றைக்கே பதிந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

மதி சீட்டுக்கு வந்து பதிந்தாள். ப்ளோயர் உடைந்ததற்குக் காரணம் என்ற இடத்தில், ஸ்டிக்கர் மாற்றி ஒட்டப்பட்டது என்று எழுதினாள். அடுத்த கட்டம் யாரால் என்று கேட்டது. அதை நிரப்பாமல் பதிவு ஏறாது. நாலு மாசத்துக்கு முன்னால் அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கியதும் அவளேதான், தப்புப் பண்ணுகிற ஆள் தெரிய வேண்டும் என்று.

மதிவதனி என்று அடித்தாள். ஏறியது. இனி முதலாளியே நினைத்தாலும் அழிக்க முடியாது.

வீட்டில் கேசரி வாசம். சேதி அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. வர்ஷினி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள், அழுதுகொண்டே சிரித்தாள். சென்னியம்மாள் நாலு நாள் பேச்சையும் சேர்த்து ஒரேயடியாகப் பேசினார். எம்மருமவ கெட்டிக்காரின்னு எனக்குத் தெரியாதா, வாய்லதான் முடியாது முடியாதும்பா, போயி மாத்திப்போட்டு வந்துட்டா பாரு என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

மதிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நாள் முழுக்க எதைச் செய்ய மாட்டேன் என்று நின்றாளோ, அதைச் செய்ததற்காகக் கேசரி.

"எதையும் மாத்தலீங்க அத்தை. தப்பு என்னுது. அதைச் சொல்லிப்போட்டு வந்தேன். எனக்கு வேலை இருக்குமோ என்னமோ தெரியாதுங்க."

சென்னியம்மாளின் கரண்டி அப்படியே நின்றது. அவர் மருமகளைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். சந்தோஷத்தை எந்தப் பக்கம் வைப்பது, துக்கத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில், "மொதல்ல தின்னு கண்ணு" என்று தட்டை நீட்டினார். அவருக்குத் தெரிந்த பதில் அதுதான்.

மதி தின்னவில்லை. ஆல்வினுக்குக் கொண்டுபோக வர்ஷினி தூக்குப் பாத்திரத்தில் ரசம் சோறும் பொரியலும் கட்டி வைத்திருந்தாள். கிருபாசங்கர் பைக் சாவியை எடுத்துக்கொண்டிருந்தார். மதி பாத்திரத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் போய்ட்டு வாரனுங்க தம்பி."

அவர் மறுக்கவில்லை. வார்டு இரண்டாவது மாடி, ஜன்னலோரக் கட்டில் என்று மட்டும் சொன்னார்.

ஆறரைக்கு வார்டில் சாயங்காலக் காப்பி வந்து போயிருந்தது. ஆல்வின் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கை கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கியது. அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிவரப் போயிருந்தாள். மதியைப் பார்த்ததும் காலை மடக்கி இடம் விட்டார்.

"வாங்க அம்மணி. சங்கரு வரலீங்களா?"

வரவில்லை என்றாள். அவர்மேல் குற்றமில்லை என்று ஆகிவிட்டது என்றாள். சோற்றைத் தட்டில் எடுத்து வைத்து, ஒரு கையால் எடுத்துச் சாப்பிட வசதியாகப் பிசைந்து கொடுத்தாள். இதற்குமேல் தள்ளிப்போட ஒன்றுமில்லை. வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வதென்று யோசித்து வைத்திருந்தது ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

"ஆல்வின், உங்க கை ஒடஞ்சதுக்கு நான்தாங்க காரணம். ஸ்டிக்கரை மாத்தி ஒட்டிப்போட்டேன்."

ஆல்வின் ஒரு வாய் சோற்றை மென்று விழுங்கினார். ஆச்சரியப்படுவார், கோபப்படுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று மூன்றுக்கும் அவள் தயாராக இருந்தாள்.

"தெரியுமுங்க அம்மணி" என்றார்.

மதிக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது.

"வெள்ளிக்கெழமயே சங்கரு சொல்லிப்போட்டானுங்க. என்னை இங்க சேத்துப்போட்டு, திரும்பிப் போயி ரெண்டு மெஷினையும் ஸ்கேன் பண்ணிப் பாத்திருக்கறான். அப்பறம் உள்ள விடலீங்க அவனை. நான் சாமுவேல் சாருக்கு ஃபோன் பண்றேன்னனுங்க. வேண்டாங்கன்னு ஃபோனைப் புடிச்சுக்கிட்டான்."

"எதுக்குங்க?"

ஆல்வின் தட்டைக் கீழே வைத்தார். சோறு பாதி இருந்தது.

"நானும் அதைத்தானுங்க கேட்டேன். 'அக்கா கண்டுபுடிப்பாங்க, கண்டுபுடிச்சா அவங்களே வந்து சொல்லுவாங்க, அதுவரைக்கும் பொறுங்க'ன்னான்."

மதி தன் வலது கையைப் பார்த்தாள். ஸ்டிக்கரில் நகம் வைத்ததிலிருந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறாள். நகக்கண்ணில் சந்தனம் இன்னும் இருந்தது.